நள்ளிரவில் ஈனும் மாடுகள்: அனுபவசாலிகள் வழி சொல்லுங்கள்

மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் இப்போது 40 சினை மாடுகள் நிற்கின்றன. போன வாரம் மகளின் பள்ளி நாடகத்துக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு கிடேரிக்கு வலி கண்டுவிட்டது. கன்றின் முன்னங்கால் மடங்கியிருந்தது. கன்று பிழைத்தது, நாடகம் முடிந்துவிட்டது. "எனக்கும் நாலு கால் இருந்தால்தான் வருவாயா, அப்பா?" என்று கேட்டாள். மனைவி எதுவும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

மற்ற இரவுகளும் தொழுவத்திலேயே கழிகின்றன. தீவனத்தை இருட்டும் நேரத்தில் மட்டும் வைத்தால் பகலில் ஈனும் மாடுகள் கூடும் என்பது ஆய்வுகளிலும் தெரிந்த செய்திதான். ஈனுவதற்கு எத்தனை வாரம் முன்பே இதைத் தொடங்குகிறீர்கள்? காலையில் மிச்சத் தீவனத்தை எடுத்துவிடுவீர்களா?

காளையை ஆண்டு முழுவதும் மந்தையோடு விட்டது என் சோம்பேறித்தனம். பசு சினைப் பருவத்துக்கு வரும் சுழற்சி 21 நாள் என்பதால், காளையை 63 நாள் விட்டாலே ஒவ்வொரு பசுவுக்கும் மூன்று வாய்ப்பு கிடைக்கும். சினைக்காலம் சுமார் 283 நாள். ஆக, ஈற்றுக் காலமும் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குள் அடங்கிவிடும். கணக்கு சரிதான். ஆனால் அதற்குள் சினை பிடிக்காத பசுக்களை விற்றுவிடுகிறீர்களா? என் கிழட்டுப் பசு ஒன்று நிச்சயம் தவறும். அதை விற்க எனக்கு மனம் வராது.

தொழுவத்தில் கேமரா வைத்தவர்களும் சொல்லுங்கள்: உண்மையில் தூக்கம் மிஞ்சுகிறதா?