புதுப்பிப்பு: ஜேடிகே மாத்தினதுக்கப்புறம் வந்த எரர் சரியாயிடுச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, விண்டோஸ்ல ஜேடிகே (ஜாவா புரோகிராம் எழுதத் தேவையான டூல் தொகுப்பு) 8-ஐ அன்இன்ஸ்டால் பண்ணிட்டு 17 போட்டும், கிரேடில்ல (கோடை ஓடுற புரோகிராமா மாத்தித் தர்ற டூல்) பில்ட் பண்ணா ஜாவா ஹோம் (ஜேடிகே எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு சொல்ற செட்டிங்) தப்பான ஃபோல்டரைக் காட்டுதுன்னே எரர் வருதுன்னு, அது நேத்து ராத்திரி சரியாயிடுச்சு.

விஷயம் இதுதான். இந்த மாதிரி செட்டிங்ஸ் இருக்கற என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் விண்டோல மேல யூசர், கீழ சிஸ்டம்னு ரெண்டு பெட்டி இருக்கும். நான் கீழ மட்டும் மாத்திட்டே இருந்தேன், ஆனா ரெண்டு வருஷம் முன்னாடி நானே கையால மேல போட்ட பழைய ஜாவா ஹோம் அப்படியே கிடந்துச்சு, ஒரே பேர்ல ரெண்டு இருந்தா யூசர்ல இருக்கறதுதான் ஜெயிக்கும். பாத் (கமாண்டுகளை எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்ங்கற லிஸ்ட்) மட்டும் விதிவிலக்கு, அது ரெண்டும் சேர்ந்துக்கும், சிஸ்டம்ல இருக்கறது முதல்ல வரும்.

அன்இன்ஸ்டாலர் நாம கையால போட்டதைத் தொடாதுங்க, அதை நாமதான் தேடி எடுக்கணும். எடுத்துட்டு டெர்மினலை (கமாண்ட் டைப் பண்ற விண்டோ) கட்டாயம் மூடித் திறங்க, பழைய விண்டோ பழைய மதிப்பையே வச்சிருக்கும், இதுலயே எனக்கு ஒரு மணி நேரம் போச்சு.

யூசர் ஃபோல்டர்ல இருந்த கிரேடில் கேஷையும் (அது டவுன்லோட் பண்ணிச் சேர்த்து வச்சிருந்த ஃபைல்கள்) அழிச்சேன், 6 ஜிபி காலியாச்சு. அடுத்த பில்டுல எல்லாம் திரும்ப டவுன்லோட் ஆகும், நல்ல நெட் இருக்கும்போது பண்ணுங்க. பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.