நாடு மாறியபின் ஆப்பில் வாங்கியது திரும்பக் கிடைக்கவில்லையா?

புதிதாக வந்திருக்கும் நண்பர்களுக்கு. முன்பு காசு கட்டித் திறந்த ஆப் புது ஃபோனில் மறுபடி பூட்டிக் கிடக்கும். முன்பு வாங்கியதை மீட்டுத் தரும் ‘ரெஸ்டோர் பர்ச்சேஸ்’ பொத்தானை அழுத்தினால் எதுவுமே வாங்கவில்லை என்று சொல்லும். தயவுசெய்து உடனே இன்னொரு முறை பணம் கட்டிவிடாதீர்கள்.

வாங்கியபோது ஸ்டோரில் (ஐஃபோனில் ஆப் ஸ்டோர், ஆண்ட்ராய்டில் கூகுள் பிளே) எந்த அக்கவுண்ட் இருந்ததோ, அதன் பேரில்தான் அந்தப் பொருள் இருக்கிறது. இங்கே வந்ததும் புது மெயில், புது அக்கவுண்ட் திறந்துகொள்கிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய மெயில்களில் ரசீதைத் தேடுங்கள். கூகுள் பிளே ரசீது என்றால் ஆர்டர் எண் ‘ஜிபிஏ’ என்று தொடங்கும். ரசீது எந்த மெயிலுக்கு வந்ததோ, பெரும்பாலும் அதுதான் வாங்கிய அக்கவுண்ட்.

ஐஃபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டு, ‘மீடியா & பர்ச்சேஸஸ்’ பகுதியில் மட்டும் பழைய அக்கவுண்ட்டைப் போடலாம்; உங்கள் படங்கள், கோப்புகள் சேமிக்கப்படும் ஐகிளவுட் அப்படியே இருக்கும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரின் புரொஃபைல் படத்தைத் தொட்டு அக்கவுண்ட்டை மாற்றி, ஆப்பை அதிலிருந்தே மறுபடி நிறுவுங்கள். ஆனால் அழிப்பதற்கு முன் ஆப்பில் உள்ள உங்கள் தரவு வேறெங்காவது சேமிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோனில் மட்டும் இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

கேம்களில் வாங்கிச் செலவழித்துத் தீர்க்கும் காயின், ஜெம் போன்றவை ரெஸ்டோரில் வராது. ஆண்ட்ராய்டில் வாங்கியதும் ஐஃபோனுக்கு ரெஸ்டோர் மூலம் வராது. ஆப்பிலேயே தனி லாகின் இருந்தால்தான் வழி உண்டு.

அடுத்து, ஸ்டோரின் நாட்டை மாற்றுவது. இதில் நிதானம் வேண்டும். ஆப்பிளில் மீதிப் பணம் முழுவதையும் செலவழித்திருக்க வேண்டும். சந்தாக்களை ரத்து செய்து, கட்டிய காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். பழைய நாட்டில் மட்டுமே கிடைக்கும் ஆப் என்றால் பிறகு டவுன்லோட் ஆகாமல் போகலாம், அதனால் மாற்றும் முன்பே இறக்கி வையுங்கள். கூகுளில் ஆண்டுக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும். புது நாட்டில் இருந்துகொண்டு, அந்த நாட்டுக் கார்டு அல்லது வேறு கட்டண முறையைச் சேர்க்க வேண்டும். பழைய பிளே பேலன்ஸைப் புது நாட்டில் பயன்படுத்த முடியாது. குறுகிய காலத்துக்கு வந்திருப்பவர்கள் மாற்றாமல் இருப்பதே நல்லது என்பேன்.

இன்னொன்றும் முக்கியம். பழைய சிம்மை நிறுத்துவதற்கு முன்பே புது எண்ணை அக்கவுண்ட்டில் சேர்த்துவிடுங்கள். ஓடிபி வராவிட்டால் பழைய அக்கவுண்ட்டுக்குள் நுழைவதே பெரும்பாடு.

சரியான அக்கவுண்ட்டில் இருந்தும் திறக்கவில்லையா? ஆர்டர் எண், ரசீதின் ஸ்கிரீன்ஷாட், ஆப்பின் பதிப்பு எண் மூன்றையும் வைத்து ஆப் உருவாக்கியவருக்கே எழுதுங்கள். ஸ்டோர் பக்கத்திலேயே அவருடைய தொடர்பு இருக்கும்.