இருபது நிமிடம் ஓடி நின்றுவிடும் படகு டீசல்: இரண்டு ஃபில்டரும் புதிது, இனி எங்கே பார்ப்பது?

ஒற்றைப்பாய்:

வணக்கம். என்னிடம் இருப்பது 32 அடி பாய்மரப் படகு. மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின், பழசுதான், ஆனால் இதுவரை கையை விட்டதில்லை. இப்போது ஒரு வியாதி பிடித்திருக்கிறது.

கட்டுத்துறையில் கட்டிவைத்து ஓட்டினால் எவ்வளவு நேரமானாலும் ஓடுகிறது. வெளியே அலையில் போய் 2,400 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் ஓட்டினால் முதலில் சத்தம் மாறுகிறது. அப்புறம் மூச்சு வாங்குவதுபோல ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது. கடைசியில் நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. மறுபடி இருபது நிமிடம்தான்.

தண்ணீர் பிரிக்கும் முதல் ஃபில்டர், இன்ஜின் மேலேயே இருக்கும் இரண்டாவது ஃபில்டர் இரண்டையும் இரண்டு முறை மாற்றிவிட்டேன். முதல் முறை கழற்றிய எலிமென்ட் (ஃபில்டருக்குள் இருக்கும் வடிகட்டித் துண்டு) கறுத்திருந்தது. இரண்டாவது முறை கழற்றியது கிட்டத்தட்டப் புதிதாகவே இருந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர்க் கோடு எதுவும் தெரியவில்லை. போன வாரம் துறைமுக வாயிலிலேயே நின்றுவிட்டது. முன்பாயை விரித்துத்தான் உள்ளே வந்து சேர்ந்தேன். இன்னொரு முறை அந்த வாயிலில் அப்படி மாட்டிக்கொள்ள விருப்பமில்லை. எங்கே பார்ப்பது?

கொண்டல்:

எனக்கென்னவோ ஏர் பிடிக்கிறது என்றுதான் படுகிறது. டேங்கிலிருந்து, டீசலை இழுத்துத் தரும் லிஃப்ட் பம்ப் வரை உள்ளது உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் துணியால் துடைத்துப் பார்த்தாலும் காய்ந்தே இருக்கும், நாமும் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம்.

எலிமென்ட் மாற்றும்போது மூடியின் பெரிய ஓ-ரிங், மேலே உள்ள கைத்திருகின் சின்ன ஓ-ரிங் இரண்டையும் மாற்றினீர்களா? பெரும்பாலும் எலிமென்ட் பெட்டிக்குள்ளேயே புதியது வருகிறது. பலர் பெரியதை மாற்றிவிட்டுச் சின்னதைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள் (நானும் போட்டவன்தான்). போடும்போது டீசலில் நனைத்துப் போடுங்கள், காய்ந்த ரப்பர் முறுக்கிக்கொள்ளும். குழாய் முனைகளில் உள்ள செம்பு வாஷர்களும் ஒரு முறை நசுங்கினால் அடுத்த முறை சரியாக அடைக்காது.

ஃபில்டருக்கும் லிஃப்ட் பம்ப்புக்கும் நடுவில் தற்காலிகமாக ஒரு முழம் தெளிவான ஹோஸ் போட்டு ஓட்டிப் பாருங்கள். குமிழ் ஓடினால் கண்ணிலேயே தெரியும்.

எண்ணெய்க்கை:

தம்பி, குமிழ் பார்ப்பது நல்லதுதான். ஆனால் நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. நின்ற பிறகு பத்து நிமிடம் விட்டால் தானாகச் சரியாகிறது. ஏர் பிடித்து நின்ற பழைய இன்ஜின் பெரும்பாலும் அப்படிச் சும்மா ஸ்டார்ட் ஆகாது, ஏர் எடுக்கச் சொல்லும், அதாவது குழாயில் சிக்கிய காற்றைத் திருகு வழியே வெளியேற்ற வேண்டியிருக்கும். இரண்டாவதாகக் கழற்றிய எலிமென்ட் புதிதாக இருந்தது என்கிறீர்கள். அப்படியானால் அழுக்கு ஃபில்டர் வரைக்கும் வரவே இல்லை. அதற்கு முன்பே எங்கோ அடைக்கிறது.

யூகத்தில் ஸ்பேனரை எடுக்காமல், முதல் ஃபில்டரின் மேல் கைத்திருகுக்குப் பதிலாகப் பொருந்தும் வேக்குவம் கேஜ் ஒன்றை மாட்டுங்கள். அது எலிமென்ட்டைத் தாண்டிய பிறகு உள்ள உறிஞ்சலைக் காட்டும். எலிமென்ட் புதிதாக இருக்கும்போது ஊசி பூஜ்யத்தை ஒட்டி, ஒன்றிரண்டு அங்குலத்தில் (பாதரச அங்குலம், உறிஞ்சலின் அளவு) நிற்க வேண்டும். புது எலிமென்ட் போட்டும் ஊசி ஏறிக்கொண்டே போனால் அடைப்பு டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில். ஊசி அசையாமல் கிடக்க இன்ஜின் மட்டும் திணறினால் கொண்டல் சொன்ன ஏர், இல்லையென்றால் லிஃப்ட் பம்ப் சோர்ந்திருக்கிறது.

ஊசி ஏறும் நேரத்தில் ஒருவரை மேல்தளத்துக்கு அனுப்பி டீசல் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உடனே ஊசி இறங்கினால் டேங்கின் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். வாயை உப்போ பூச்சிக் கூடோ மூடியிருக்கும், ஊதிவிட்டால் வேலை முடிந்தது.

இன்னொன்று. கிண்ணத்தில் தண்ணீர்க் கோடு இல்லை என்பதை வைத்துத் தண்ணீர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கிண்ணம் முழுக்கத் தண்ணீராக இருந்தாலும் கோடு தெரியாது, பார்க்கச் சுத்தமாகவே இருக்கும். அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, ஒரு சொட்டு பேனா மை விடுங்கள். தண்ணீராக இருந்தால் மை பரவும். டீசலாக இருந்தால் கரையாமல் மணிபோல உருண்டு அடியில் போய் உட்காரும்.

ஒற்றைப்பாய்:

மிக்க நன்றி. நேற்றும் இன்றும் இதே வேலைதான்.

பேனா மை: சொட்டு அப்படியே நீல மணியாக அடியில் போய் நின்றது. பாட்டிலைச் சாய்த்தால் அதுவும் உருண்டது. ஆக கிண்ணத்தில் இருந்தது டீசல்தான்.

ஓ-ரிங்: கொண்டல் சொன்னது சரி, சின்னதை நான் மாற்றவே இல்லை. மாற்றினேன். தெளிவான ஹோஸில் குமிழ் ஒன்றும் இல்லை.

கேஜ்: ஸ்டார்ட் செய்தவுடன் 1. வெளியே போய் 2,400-இல் வைத்துப் பத்து நிமிடத்தில் 4, பதினைந்தில் 7, 11-ஐத் தொடும்போது திணறல் ஆரம்பித்தது. மூடியைத் திறந்தும் ஊசி இறங்கவில்லை. இன்ஜினை அணைத்ததும் ஊசி மெல்லத் திரும்பியது. அதைப் பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருந்தது.

கரைக்கு வந்து இரண்டு ஃபில்டரையும் மறுபடி திறந்து மூடினேன். அதற்கப்புறம் ஸ்டார்ட் ஆகவில்லை, ஏர் சரியாகப் போகவில்லை போலிருக்கிறது. அரை அரை நிமிடமாக ஏழெட்டு முறை சாவியைத் திருப்பிவிட்டேன். லிஃப்ட் பம்ப்பின் கை நெம்புகோல் தொளதொளவென்று ஆடுகிறது, டீசலைத் தள்ளவில்லை. பம்ப்பும் போய்விட்டதா?

சுக்கான்:

இதைப் படித்ததும் முதலில் சாவியை எடுத்து வையுங்கள்! கடல் நீர் உள்ளே வரும் வால்வு திறந்திருக்கிறதா?

ஸ்டார்ட்டர் சுற்றும்போதெல்லாம் கடல் நீர் பம்ப்பும் சேர்ந்தே சுற்றுகிறது. அந்தத் தண்ணீர் போய்ச் சேருவது சைலன்சருக்கு. இன்ஜின் ஓடினால் புகையின் வேகம் அதை வெளியே தள்ளிவிடும். ஓடாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் சைலன்சர் நிரம்பி, தண்ணீர் புகைக்குழாய் வழியே பின்னோக்கி ஏறி சிலிண்டருக்குள் இறங்கும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். இப்படிப் போன ஒரு இன்ஜினைப் பிரித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். உள்ளே துரு, ஒரு ராடு கோணல். காரணம் ஃபில்டர் மாற்றிய பிறகு பொறுமையில்லாமல் சாவியைத் திருப்பியது.

இப்போது செய்ய வேண்டியது: வால்வை மூடுங்கள். சைலன்சரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். டிகம்ப்ரஷன் நெம்புகோல் (சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிப்பது) இருந்தால் தூக்கிவைத்துக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள், எங்காவது இடித்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். அப்புறம் ஏர் எடுத்து, மூடிய வால்வோடே ஸ்டார்ட் செய்து, இன்ஜின் பிடித்த அந்த நொடியிலேயே வால்வைத் திறந்துவிட வேண்டும். மறந்தால் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் காய்ந்து ஓடிச் சீக்கிரமே கிழியும். ஒருவர் சாவியில், இன்னொருவர் வால்வில் நின்றால் நிம்மதி.

எண்ணெய்க்கை:

சுக்கான் சொன்னதை அப்படியே செய்யுங்கள்.

பம்ப் போகவில்லை, பயப்பட வேண்டாம். பம்ப்பை அசைக்கும் கேம் மேல்நிலையில் நின்றுவிட்டால் நெம்புகோலுக்கு இழுப்பு இருக்காது. கிராங்க்கை (இன்ஜினின் முக்கியத் தண்டை) ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி அடித்துப் பாருங்கள், கையில் பிடிப்பு தெரியும். முதல் ஃபில்டரின் கூட்டை டீசலால் நிரப்பி மூடுங்கள். இரண்டாவது ஃபில்டரின் மேல் திருகைத் தளர்த்தி, நுரை போய்த் தெளிவான டீசல் வரும்வரை நெம்புகோலை அடியுங்கள், அடித்துக்கொண்டிருக்கும்போதே இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்ப்பின் திருகிலும் அதே. அப்படியும் பிடிக்கவில்லையென்றால் மட்டும் இன்ஜெக்டர் குழாய் நட்டுகளைத் தளர்த்துங்கள். அங்கே அழுத்தம் அதிகம், கையை அருகில் கொண்டு போகாதீர்கள். அடியில் உறிஞ்சு துணி விரிக்காமல் ஆரம்பிக்க வேண்டாம், படகின் அடிப்பள்ளமான பில்ஜில் விழுந்த டீசல் நாற்றம் மாதக்கணக்கில் போகாது.

கேஜ் விஷயத்துக்கு வருவோம். ஒன்றிலிருந்து பதினொன்று வரை மெல்ல ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது, மூடியைத் திறந்தாலும் மாற்றமில்லை. அடைப்பு டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயின் முனையில் இருக்கிறது. அந்த முனையில் சல்லடை இருக்கிறதா என்று பாருங்கள். அலையில் அடிக்கசடு கிளம்பி அதில் ஒட்டும், உறிஞ்சல் நின்றதும் உதிர்ந்து விழும். உங்கள் பத்து நிமிட மாயம் அதுதான். கட்டுத்துறையில் டேங்க் குலுங்குவதில்லை, அதனால் அங்கே நல்ல பிள்ளையாக ஓடுகிறது.

ஒற்றைப்பாய்:

சைலன்சரிலிருந்து ஒரு வாளி நிறையத் தண்ணீர் வந்தது. நல்லவேளை, இன்ஜின் இடிக்காமல் சுற்றியது. கிராங்க்கை ஒரு சுற்று சுற்றியதும் நெம்புகோலிலும் உயிர் வந்தது. சுக்கான், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

அப்புறம் உறிஞ்சு குழாயை உருவினேன். முனையில் விரல் நீளத்துக்கு நுண்ணிய பித்தளைச் சல்லடை. சல்லடை என்றே தெரியவில்லை. கறுப்பு ஜெல்லியில் முக்கி எடுத்த விரல்போல இருந்தது. தேய்த்தால் வழுக்குகிறது, இழுத்தால் தோல்போல உரிகிறது. சோதனை மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். டேங்கின் தாழ்ந்த மூலையில் தண்ணீர், அதற்கு மேல் அதே கறுப்பு ஆடை, அதற்கு மேல் டீசல். உறிஞ்சு குழாய் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நிற்பதால் தண்ணீர் கிண்ணம்வரை வரவே இல்லை.

இவ்வளவு தண்ணீர் எப்படி வந்தது? சல்லடையைச் சுத்தம் செய்து திரும்பப் போடலாமா? பூஞ்சைக்கொல்லி மருந்து ஊற்றினால் போதுமா?

எண்ணெய்க்கை:

காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதும் உண்டுதான். ஆனால் இத்தனை தண்ணீருக்கு நான் முதலில் சந்தேகப்படுவது மேல்தளத்தில் உள்ள டீசல் மூடியின் ஓ-ரிங்கை. வெயிலில் வெடித்திருக்கும். மழையும் அலையும் அந்த மூடியின் மேல்தான் நிற்கின்றன.

அந்தக் கறுப்பு ஆடை உயிருள்ளது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்தக் கோட்டில்தான் பாக்டீரியாவும் பூஞ்சையும் வாழும். டீசல் அவற்றுக்கு உணவு, தண்ணீர் வீடு. வீட்டை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மருந்தை மட்டும் ஊற்றினால் எல்லாம் செத்து உதிர்ந்து மொத்தமாக ஃபில்டருக்கு வரும். முதலில் சுத்தம், அப்புறம் மருந்து, அதுவும் டப்பாவில் போட்ட அளவில். கைப்பம்ப் ஹோஸின் முனையில் ஒரு செம்புக் குழாயைக் கட்டித் தாழ்ந்த மூலைவரை விட்டு உறிஞ்சுங்கள். எட்டாத இடத்தைத் துணி சுற்றிய குச்சியால் துடையுங்கள்.

சல்லடையைத் திரும்பப் போடாதீர்கள். அழுக்குப் பிடிப்பது கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும் ஃபில்டரின் வேலை. டேங்குக்குள் ஒளிந்திருக்கும் சல்லடையை நடுக்கடலில் யார் போய்க் கழுவுவது?

முதல் ஃபில்டருக்கு 30 மைக்ரான் போடுங்கள் (எண் சிறியதானால் சல்லடை நுண்ணியது), ரேகார் நிறுவன எலிமென்ட் என்றால் சிவப்பு. நீலம் 10, பழுப்பு 2. நுண்ணிய வேலையை இன்ஜின் மேலுள்ளது பார்த்துக்கொள்ளும்.

கொண்டல்:

இதில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. நான் எப்போதும் 10 தான் போடுகிறேன். இன்ஜின் மேலுள்ளதை மாற்றினால் ஒவ்வொரு முறையும் ஏர் எடுக்க வேண்டும், முதல் ஃபில்டரை மாற்றினால் கூட்டை நிரப்பி மூடிப் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். அதனால் முதலாவதே அதிகம் பிடிக்கட்டும். ஆனால் 2 போட வேண்டாம், இப்படி அழுக்கான டேங்கில் அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. சுத்தம் செய்த பிறகு முதல் சில வாரங்களுக்கு ஐந்தாறு எலிமென்ட் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள், விட்டுப்போன கசடு வந்துகொண்டேதான் இருக்கும்.

ஒற்றைப்பாய்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். டேங்கிலிருந்து எடுத்ததில் நாலு லிட்டர் தண்ணீர், அதோடு அரை வாளி கறுப்புக் கூழ். மூடியின் ஓ-ரிங்கைத் தொட்டதும் மூன்று துண்டாக வந்தது. புதியது போட்டு, வாளியால் தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன், உள்ளே இறங்கவில்லை. சல்லடை குப்பைக்குப் போய்விட்டது. எலிமென்ட் 10 மைக்ரான் போட்டிருக்கிறேன், எண்ணெய்க்கை மன்னிக்க வேண்டும், கடையில் சிவப்பு இல்லை.

நேற்று எதிர்க்காற்றில், நல்ல அலையில் மூன்று மணி நேரம் 2,400-இல் ஓட்டினேன். முதல் மணியில் ஊசி 2, கடைசியில் 3. கிண்ணத்தில் கொஞ்சம் கறுப்புத் தூள் விழுந்திருந்தது, வடித்துவிட்டேன்.

ஏர் எடுக்கும்போது கடல் நீர் வால்வை மூடினால் இன்ஜின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டிவைக்கிறேன். ஸ்டார்ட் செய்யச் சாவி வேண்டுமென்றால் வால்வைத் தொட்டுத்தான் ஆக வேண்டும்.