ஒன்பது வருஷம் வளர்த்த விலாங்கு திடீரென்று சாப்பிடவில்லை

தொட்டிக்காரன்:
விரல் நீளத்தில் வந்தது. ஒன்பது வருஷமாக ஒரு குழாய்த் துண்டுக்குள்தான் குடித்தனம், இப்போது என் முழுக் கை நீளம். மண்புழுவைக் காட்டினாலே பாயும். ஒன்றரை மாதமாகத் தொடவில்லை, மெலியவும் இல்லை. மஞ்சள் வயிறு வெள்ளி பூசினாற்போல் ஆகிவிட்டது, கண் இரண்டும் பெருத்துவிட்டன. ராத்திரியானால் மூடியில் முட்டுகிறது. போன வாரம் விடிந்து பார்த்தால் தரையில் கிடக்கிறது. செத்துவிட்டது என்று தூக்கினேன், கையில் நெளிந்தது! கண் நோயா? ஜோடி இல்லாத ஏக்கமா? இன்னொன்று வாங்கி விட்டால் குஞ்சு பொரிக்குமா?

காதுக்கல்:
நோயெல்லாம் இல்லைங்க. முட்டையிடக் கடலுக்குக் கிளம்பத் தயாராகிவிட்டது.

விலாங்கின் காதுக்குள் இருக்கும் கல்லைத் தேய்த்து வயது எண்ணும் வேலையில் ஆறு வருஷம் இருந்தேன். குருணை அளவு கல். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் நடுவைச் சுற்றி ஒரு கருங்கோடு தெரியும். அதற்கு உள்ளே கடலில் குஞ்சாக மிதந்த காலம், வெளியே நன்னீர் வருஷங்கள், வளையம் வளையமாக. அறுத்துப் பார்க்க மேஜைக்கு வரும், இப்படி வெள்ளியாகிவிட்ட விலாங்குகளின் குடல் நூலாகச் சுருங்கியிருக்கும். வழியில் அது எதுவும் தின்னாது, சேர்த்த கொழுப்புதான் கட்டுச்சோறு. கண் பெருப்பது ஆழ்கடல் இருட்டுக்கு. பகலில் பல நூறு மீட்டர் ஆழத்தில் நீந்தும், ராத்திரி மேலே வரும். ஐரோப்பிய விலாங்கு முட்டையிட அட்லாண்டிக்கின் மேற்கே உள்ள சர்காசோ கடல் வரை 5,000 கிலோமீட்டருக்கு மேல் இப்படித்தான் போகிறது. தரையில் பிழைத்ததற்குக் காரணம், தோல் ஈரமாக இருக்கும்வரை தோலாலேயே மூச்சு விடும்.

குஞ்சுக் கதைக்கு வருவோம். அந்த நீளம் என்றால் பெண்ணாகத்தான் இருக்கும். ஆனால் தொட்டியில் முட்டை முற்றாது. 1876-இல் மாணவராக இருந்த சிக்மண்ட் ஃபிராய்டு, பிற்பாடு மனோதத்துவத்தில் பேர் வாங்கியவர்தான், ஆண் விலாங்கின் விந்தகத்தைத் தேடி 400 விலாங்குகளை அறுத்தார். பாவம், அது முதிர்வதே கடலுக்குக் கிளம்பிய பிறகு! டென்மார்க் விஞ்ஞானி யோகான்னஸ் ஷ்மிட் 1904-இல் அட்லாண்டிக்கில் ஒரு குஞ்சைப் பிடித்தார். அதைவிடச் சின்னது எங்கே கிடைக்கிறது என்று வலை போட்டுக்கொண்டே போய், 1922-இல்தான் முட்டையிடும் இடம் சர்காசோ என்று எழுதினார். ஜப்பானிய விலாங்கின் முட்டையைக் கடலில் அள்ளியது 2009-இல், மரியானா தீவுகளுக்கு மேற்கே, அமாவாசையை ஒட்டி. வளர்ப்பில் வேண்டுமென்றால் ஹார்மோன் ஊசி போட வேண்டும்.

நீர்க்கோழி:
அப்ப ஆத்துல விட்டுடுங்க சார், பாவம்.

காதுக்கல்:
அவசரப்படாதீங்க தம்பி. எந்த இனம், எங்கே பிடித்தது தெரியாமல் விடக் கூடாது. கிழக்காசிய விலாங்கின் காற்றுப்பையில் (மீன் மிதக்க உதவும் பை) இருந்த புழு, உயிரோடு விற்ற மீன்கள் வழியாக 1980-களில் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. காற்றுப்பை கெட்டுப்போன மீன் கடலைத் தாண்டுவது சந்தேகம்தான். முதலில் மீன்வளத் துறையில் கேளுங்கள். அதுவரை மூடியில் கனம் வையுங்கள். போக வழியில்லை என்றால் சில சமயம் மறுபடி மஞ்சளாகித் தின்ன ஆரம்பிப்பதும் உண்டு.

தொட்டிக்காரன்:
இரண்டு செங்கல் வைத்தாயிற்று. கொடுத்தவருக்கு எங்கே பிடித்தது என்று நினைவில்லை. நேற்று ராத்திரி முழுக்க டக், டக். எழுந்து போய் காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அமாவாசை.