முதல் கப்பல் பயணம்: 288 டொலர் டிப்ஸை வெட்டலாமா, கையில் கொடுக்கலாமா?

கோண்டாவிலான்
மார்கழியில் சிங்கப்பூரிலிருந்து 4 இரவுக் கப்பல் பயணம். ரொறன்ரோவிலிருந்து அண்ணை குடும்பம் அங்கே வருகிறது, யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் நாலு பேர். முதல் தடவை. காசெல்லாம் கட்டி முடித்துவிட்டு நேற்றுத்தான் பற்றுச்சீட்டை ஆறுதலாக வாசித்தேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 அமெரிக்க டொலர் டிப்ஸ், தானாகவே கப்பல் கணக்கில் ஏறுமாம். பிள்ளைகளுக்கும் அதே தொகை. மொத்தம் 288 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலே 86,400. என் மகனுக்கு 6 வயது. 18 டொலருக்கு அவன் யாரிடம் என்ன வேலை வாங்கப்போகிறான்?

கப்பல் வரவேற்பு மேசையில் சொன்னால் அதை எடுத்துவிடுவார்கள், பேந்து விரும்பியவருக்குக் கையில் கொடுக்கலாம் என்கிறார் அண்ணை. அப்படிச் செய்தால் தான் அந்த மேசைப் பக்கமே வரமாட்டேன் என்கிறா மனுசி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? மற்றது, ஒரு டொலர், ஐந்து டொலர் தாள் இங்கே எங்கே எடுக்கலாம்?

சுன்னாகம் கணக்கர்
எடுத்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். மனம் நிறைந்து கொடுத்தால்தான் அது டிப்ஸ். ஏறுவதற்கு முன்னமே தொகை எழுதி வைத்தால் அதற்குப் பெயர் கட்டணம். இந்தக் கப்பல்களில் பலவற்றுக்குப் பஹாமாஸ், பனாமா கொடி. மயாமியில் நின்றாலும் அமெரிக்கச் சம்பளச் சட்டம் அவர்களைத் தொடாது. முதலாளி தன் சம்பளச் செலவை எங்கள் தலையில் கட்டிவிட்டு, அதற்கு நன்றிக்காசு என்று பெயரும் வைக்கிறான்.

வேலணைக்காரி
கணக்கர் அண்ணை, முதலாளியில் இருக்கிற கோபத்தை ஏன் உடுப்புத் தோய்க்கிற பெடியன் தலையில் இறக்குகிறீர்கள்? கையில் கொடுப்போம் என்று சொல்பவர்கள் யாருக்குக் கொடுப்பார்கள்? கண்ணுக்குத் தெரிகிற ரெண்டு பேருக்கு. கீழே கோப்பை கழுவுகிறவரை நீங்கள் காணப்போவதே இல்லை. நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய் என்பதற்காகக் கோயில் ஒரு ரூபாயில் நடக்கிறது என்று யாராவது நினைப்பார்களா?

சுன்னாகம் கணக்கர்
நல்லூரில் ஒரு ரூபாய் என்றால் ஒரு ரூபாய்தான், தங்கச்சி. வீட்டுக்கு வந்த பிறகு மிச்சம் 86,400 என்று பில் வருவதில்லை.

தட்டாதெரு
இதுக்கெல்லாம் சிங்கப்பூர் போக வேணுமா? காங்கேசன்துறையில் நாகப்பட்டினம் கப்பல் ஏறுங்கோ. நாலு மணித்தியாலம். டிப்ஸ் கதையே இல்லை.

முன்னாள் ஸ்டூவர்ட்
கப்பலில் 7 வருடம் அறை ஸ்டூவர்டாக இருந்தவன் நான். பெயர் வேண்டாம், கப்பல் பெயரும் வேண்டாம்.

ஒரு ஒப்பந்தம் 8, 9 மாதம். அதற்குள் முழு நாள் லீவு என்று ஒன்று கிடையாது. 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியால ஓய்வு தரவேண்டும். மிச்சம் எத்தனை என்று கணக்கர் அண்ணையே கழித்துப் பார்க்கட்டும். எனக்கு 17 அறைகள். ஆறு வயதுப் பிள்ளை இருக்கிற அறைதான் ஆகக் கூட வேலை, அதையும் சொல்லிவிடுகிறேன். கம்பளத்தில் ஜூஸ் ஊற்றுவது அப்பா அல்ல.

அந்த நாள் கட்டணம் ஸ்டூவர்ட், சாப்பாட்டுச் சாலைப் பெடியள், பின்னால் நிற்கிறவர்கள் என்று பங்கு பிரியும். நீங்கள் வெட்டினால் எந்த அறை வெட்டியது என்ற பட்டியல் எங்களுக்கு வந்துவிடும். நான் வேலை செய்த கப்பலில், வெட்டிய அறைக்காரர் கையில் காசு தந்தால் அதையும் பொதுக்கணக்கில் கட்ட வேண்டும். வெட்டாதவர் மேலதிகமாகத் தந்தால் மட்டும் அது எனக்கு. எல்லாக் கப்பலிலும் இதே விதி என்று சொல்லமாட்டேன், ஆனால் உங்கள் அண்ணையின் திட்டம் எங்கள் கப்பலில் பலித்திருக்காது.

கடைசி இரவு சாப்பாட்டுச் சாலை பாதி வெறுமையாக இருக்கும். ஆறு நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அன்றைக்கு மட்டும் மேல்மாடி பஃபேயில் சாப்பிடுவார்கள். வெயிட்டரின் முகத்தைப் பார்க்க வேண்டி வருமே.

சுன்னாகம் கணக்கர்
தம்பி, நீங்கள் சொன்னதிலிருந்தே கேட்கிறேன். பங்கு பிரிக்கிறான், பட்டியல் போடுகிறான், கையில் தந்தாலும் பறிக்கிறான். இதைச் சம்பளம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? சம்பளம் என்றால் டிக்கெட்டிலேயே சேர்க்கட்டும். பிரித்தானியாவின் பி அன்ட் ஓ கப்பல் கம்பனி 2019இலேயே நாளுக்கான டிப்ஸை எடுத்துவிட்டது. அவர்களின் கப்பல் தாழவில்லையே?

முன்னாள் ஸ்டூவர்ட்
சேர்த்தால் எனக்கும் சந்தோசம்தான் அண்ணை. சேர்க்கும் வரைக்கும் அந்தப் பெடியன் வீட்டுக்கு என்ன அனுப்புவது?

சுன்னாகம் கணக்கர்
எல்லாரும் பேசாமல் கட்டிக்கொண்டிருந்தால் அவன் ஏன் சேர்க்கப்போகிறான்?

வேலணைக்காரி
நீங்கள் வெட்டுவதால் கம்பனிக்கு ஒரு சதம் நட்டமில்லை. கணக்கரானபடியால் இது உங்களுக்கு எனக்கு முன்னமே தெரிந்திருக்க வேணும்.

கொக்குவில் டீச்சர்
கோண்டாவில் தம்பி, இவர்கள் பொழுது விடியும்வரை கதைப்பார்கள். நான் போன வருடம் பட்டதைச் சொல்கிறேன்.

கப்பலுக்குள் காசு கையால் செல்லாது. அறைச் சாவிக் கார்டுதான் எல்லாம். ஏறும்போது அதற்கு ஒரு வங்கிக் கார்டையோ காசையோ கட்ட வேண்டும். இங்கத்தை டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். செலவுக்கு என்று கப்பல் ஒரு தொகையைப் பிடித்து வைக்கும், இறங்கிய பிறகும் அது விடுபட நாள் எடுக்கும். நான் ஊருக்கு வந்து கிழமைக்கு மேலாக என் சொந்தக் காசை எடுக்க முடியாமல் நின்றேன். கிரடிட் கார்ட் இல்லையென்றால் டொலரைக் காசாகவே மேசையில் கட்டிவிடுங்கள், மிச்சத்தைக் கடைசி நாள் திருப்பித் தருவார்கள்.

அடுத்தது குடிபானச் சீட்டு. ஒரு தோடம்பழ ஜூஸ் வாங்கினாலும் 18 வீதம் சேர்த்துத்தான் பில் வரும். அதற்குக் கீழே இன்னொரு வெறும் கோடு இருக்கும், மேலதிக டிப்ஸ் எழுத. எங்கள் அவர் அது கட்டாயமாக்கும் என்று நினைத்து ரெண்டு நாளாக ஒவ்வொரு சீட்டிலும் 2 டொலர் எழுதிக்கொண்டே வந்தார். அந்தக் கோட்டை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டால் ஒருவரும் குறை நினைக்கமாட்டார்கள்.

சில்லறையை இங்கிருந்தே கொண்டு போங்கள். கப்பல் ஏடிஎம்மில் பெரிய தாள்தான், எடுக்கும் கட்டணமும் கூட. கடைசி நாள் பின்னேரம் வரவேற்பு மேசையில் ஒரு டொலர் தாள் கேட்டு நீண்ட வரிசை நிற்கும், என் முறை வந்தபோது முடிந்துவிட்டது. எங்களூர்க் கடையென்றால் மிச்சத்துக்கு டொபியாவது தருவான்.

கோண்டாவிலான்
நன்றி டீச்சர். சிங்கப்பூரிலும் கொடுக்க வேணுமா?

கொக்குவில் டீச்சர்
அங்கே அந்த வழக்கம் இல்லை. சாப்பாட்டுக் கடைப் பில்லில் பெரும்பாலும் 10 வீதம் ஏற்கனவே இருக்கும், கொழும்பு ஹோட்டல் மாதிரி. கப்பல் தாய்லாந்தின் புக்கெற்றில் நின்றால் வாகனக்காரருக்கு மட்டும் கொஞ்சம் பாத் மாற்றி வையுங்கள்.

முன்னாள் ஸ்டூவர்ட்
ஒன்றை மறந்துவிட்டேன். குற்றிக்காசு வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஒருமுறை ஒரு குடும்பம் கண்ணாடிக் கோப்பை நிறைய ஐந்தாறு நாட்டுக் குற்றிகளைப் போட்டு, மேலே நன்றி என்று எழுதி வைத்துவிட்டுப் போனது. நல்ல மனிதர்கள், சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் காசு மாற்றுகிற எவனும் வெளிநாட்டுக் குற்றி வாங்கமாட்டான். அந்தக் கோப்பை இப்போதும் என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

தட்டாதெரு
அப்ப நீங்கள் ஒரு மியூசியம் தொடங்கலாம் 😄

கோண்டாவிலான்
மனுசியிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கம்பளம், ஜூஸ் என்ற இடத்தில் மகனைத் திரும்பிப் பார்த்தா. நான் ஒன்றும் சொல்லவில்லை. சரி, 288ஐத் தொடமாட்டேன். அண்ணையிடம் இன்னும் சொல்லவில்லை, சிங்கப்பூரில் நேரே சண்டை பிடிப்போம். அறைப் பெடியனுக்கு வேறாக ஒரு 20 டொலர், ஐந்து ஐந்தாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். கஸ்தூரியார் வீதியில் ரெண்டு கடை ஏறி இறங்கிவிட்டேன், 50க்குக் கீழே தாள் இல்லை என்கிறார்கள்.

சுன்னாகம் கணக்கர்
288ஓடு இன்னும் 20. நான் இவ்வளவு கத்தியதற்குக் கண்ட பலன்.

கொக்குவில் டீச்சர்
என்னிடம் ஐந்து டொலர் தாள் ஆறும் ஒரு டொலர் தாள் பதினொன்றும் இருக்கின்றன. ஞாயிறு பின்னேரம் வாங்கோ தம்பி. தாளை மடிக்காமல் கொண்டு போக ஒரு கொப்பி எடுத்து வாங்கோ. விலை அன்றைய வங்கி விலைதான், ஒரு சதமும் கூட வேண்டாம். கணக்கர் அண்ணை கவலைப்படத் தேவையில்லை, நான் சேவைக் கட்டணம் எடுப்பதில்லை.