நிலாவெளி வீதியோரக் காணிகள்: பின்பக்க வீதிக்கு இடம் எடுப்பது எப்படி?

கடற்காற்று:
திருகோணமலை–புல்மோட்டை வீதியில் (பி424) உப்புவெளி தாண்டி நிலாவெளி வரை காணிகள் துண்டு துண்டாக விலைப்படுகின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் பிரதான வீதியிலேயே வாசல். பின்னால் சமாந்தரமாக ஒரு வீதி வேண்டும், ஆனால் காணி சுவீகரிக்க எங்கள் பிரதேச சபையிடம் பணம் இல்லை. காணிப்பிரிப்பு அனுமதியின்போதே இடம் எடுக்கலாமா? வாகனக் கணக்கெடுப்பை எந்த மாதத்தில் வைப்பது?

நூல்கோடு:
எடுக்கலாம். ஆனால் பின்வீதியின் கோடு முதலில் வரைபடத்தில் இருக்கவேண்டும். விண்ணப்பம் வந்த பிறகு கோடு கீறினால் காணிக்காரர் அதைத் தனக்கு மட்டும் வந்த தண்டனையாகத்தான் பார்ப்பார்.

இதுவரை அனுமதித்த எல்லா நில அளவைப் படங்களையும் ஒரே தாளில் பதியுங்கள். முட்டுச்சந்தாக முடியும் ஒழுங்கைகளின் வால்களை இணைத்தாலே பின்வீதியின் பெரும்பகுதி தெரியவரும். அது நேர்கோடாக இருக்கத் தேவையில்லை. அகலத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பஸ் ஓடவேண்டுமானால் 9 மீற்றர்: ஓடுபாதைக்கு 6, ஒரு பக்கம் நடைபாதைக்கு 1.5, மறுபக்கம் வடிகானுக்கு 1.5. மூன்று மீற்றர் ஒழுங்கைகளைத் தொடுத்தால் தண்ணீர் பவுசர்கூடத் திரும்பாது.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகள் செல்லும் பகுதியென்றால், 1 ஹெக்டயருக்கு மேற்பட்ட காணியைப் பிரிக்கும்போது வீதி நீங்கலான பரப்பில் 10 வீதம் பொதுத் தேவைக்கு விடவேண்டும். 2 ஹெக்டயர் காணியை எடுங்கள்: 20,000 சதுர மீற்றர். வீதிக்கு 4,000 போனால் மிச்சம் 16,000, அதில் 1,600 பொது ஒதுக்கு. எஞ்சும் 14,400இல் 10 பேர்ச்சஸ் (253 சதுர மீற்றர்) துண்டுகள் 56 வரும். காணிக்காரருக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் பாதி வாக்குவாதம் குறையும்.

ஓட்டை எங்கே என்றால், 1 ஹெக்டயருக்குச் சற்றுக் குறைவாக இரண்டு மூன்று விண்ணப்பங்கள் போடுவார்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருக்கும். அதனால் மூலப்படத்தையும் (பிரிக்கமுன் இருந்த முழுக்காணியின் படம்) காணிப் பதிவகத்தின் பதிவேட்டுப் பிரதியையும் கட்டாயமாகக் கேளுங்கள். ஒரே மூலக்காணி என்றால் ஒன்றாகவே கணக்கிட்டு வீதியையும் ஒதுக்கையும் முடிவுசெய்யுங்கள்.

இன்னொன்று, இதில்தான் அதிகம் சறுக்குகிறது. படத்தில் ‘வீதி ஒதுக்கு’ என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. சபையின் பெயருக்குக் காணி உறுதி எழுதிப் பதிந்த பின்பே இறுதி அனுமதி கொடுக்கவேண்டும். பதியாத ஒதுக்கு சில வருடங்களில் கைமாறிவிடும். தனியார் வீதியாகவே கிடந்தால் தார் போடச் சபை நிதி ஒதுக்குவதும் சிக்கலாகும்.

ஓடுபாதை:
கணக்கெடுப்புக்கு ஒரு மாதம் போதாது. நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் நிறைவது ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. நவம்பர் தொடங்கி வடகீழ்ப் பருவமழை. ஆகவே ஒரு தடவை ஜூலையில், ஒரு தடவை பாடசாலை நடக்கும் மாதமொன்றில் மழை ஓய்ந்த நாளில் எடுங்கள். காலை 6 முதல் மாலை 6 வரை, 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, கார், வான், பஸ், லொறி, உழவு இயந்திரம், துவிச்சக்கரவண்டி, கால்நடையாகப் போகிறவர் எல்லாம் தனித்தனி நிரல். மோட்டார் சைக்கிளைக் ‘மற்றவை’ என்ற நிரலில் தள்ளினால் உங்கள் எண் முழுவதும் பயனற்றது.

பகல் 1.30 பாடசாலை விடும் நேரத்தை விட்டுவிடாதீர்கள். காலை, மாலை மட்டும் பார்த்தால் பிள்ளைகள் வீதியைக் கடக்கும் அந்த நெரிசல் பதிவுக்கே வராது. பஸ் தரிப்பிடத்தைச் சந்திக்கு முன்னால் வைக்காமல் சந்தி தாண்டி வையுங்கள். முன்னால் நிற்கும் பஸ் திரும்புகிறவரின் பார்வையை மறைத்துவிடும்.

பி424 போன்ற பி தர வீதிகள், வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் வருகின்றன. புதிய வாசல்களை அவர்களிடம் எழுத்தில் கேட்காமல் சபை தனியாக அனுமதிக்கக் கூடாது.

களப்புக்கரை:
கோடு கீறமுன் இரண்டு விடயங்களைப் பாருங்கள். கடலின் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். களப்புகள் கடலில் சேரும் இடங்களில் அந்த வலயம் 2 கிலோமீற்றர் வரை உள்ளே வரும். சாம்பல்தீவு, இறக்கக்கண்டிப் பக்கம் பின்வீதி இதற்குள் விழக்கூடும்.

அடுத்தது வயல். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியில்லாமல் வயலை நிரப்ப முடியாது. அனுமதி கிடைத்தாலும், மேடாக்கிய வீதி மழைக்காலத்தில் அணைக்கட்டாக நிற்கும். தண்ணீர் அடுத்தவன் வளவுக்குள் போகும். மதகுகளின் இடத்தை மாரியில் நேரில் நடந்து பார்த்துக் குறியுங்கள். கோடையில் குறித்தால் பிழையாகிவிடும்.

கடற்காற்று:
நன்றி. கோட்டின் நடுவே ஏற்கெனவே வீடு கட்டிய ஒரு துண்டு நிற்கிறதே?

நூல்கோடு:
இடிக்கவேண்டாம். வீதிக்கோடாக அபிவிருத்தித் திட்டத்தில் சேர்த்து, ஆட்சேபம் கேட்டு, வர்த்தமானியில் வெளியிடுங்கள். அதற்குப் பிறகு அந்தக் கோட்டுக்குள் புதிய கட்டடமோ மதிலோ அனுமதிக்கப்படாது; வீட்டுக்காரர் திருப்பிக் கட்டும்போது கோட்டுக்குப் பின்னால் தள்ளிக் கட்டுவார். அதுவரை இருபக்க வீதியும் அந்த வளவு வரை வந்து நிற்கட்டும். ஆனால் ஒன்று: பின்வீதி உங்கள் சபையின் எல்லையைத் தாண்டுகிறது. பக்கத்துச் சபையின் திட்டமிடற் குழுவும் இதே வரைபடத்தை ஏற்கவேண்டும், இல்லாவிட்டால் 9 மீற்றர் வீதி எல்லைக்கல்லில் 3 மீற்றராகிவிடும்.