நகர நிர்வாகமே இணைய இணைப்பு தரலாமா?

அருவி
குடிநீரும் தெருவிளக்கும் நகர நிர்வாகத்தின் பொறுப்பு என்றால் இணையமும் அப்படித்தான் என்பது என் கருத்து. பள்ளிச் சேர்க்கை, வேலைக்கு விண்ணப்பம், மருத்துவரிடம் முன்பதிவு என்று எல்லாமே இணையத்துக்குப் போய்விட்டது. தனியார் நிறுவனங்கள் லாபம் வரும் தெருவுக்குத்தான் முதலில் கம்பி இழுக்கும். அது அவர்கள் தொழில். மிச்சத் தெருக்களுக்கு யார் போவது?

அமெரிக்காவின் சாட்டனூகாவைப் பாருங்கள். நகரத்துக்குச் சொந்தமான மின்வாரியமே ஃபைபர் (ஒளியிழைக் கம்பி) போட்டு, 2010-லேயே தான் மின்சாரம் தரும் பகுதி முழுவதற்கும் விநாடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தைக் கொண்டுவந்தது. வசதியான தெரு, வசதி இல்லாத தெரு என்று பிரிக்கவில்லை. மற்ற நகரங்கள் ஏன் தயங்குகின்றன?

மணிமாறன்
சாட்டனூகாவை எல்லோரும் சொல்கிறார்கள், ப்ரோவோவை யாரும் சொல்வதில்லை. யூட்டா மாநிலத்தில் இருக்கும் அந்த நகரம் சுமார் 3.9 கோடி டாலர் கடன் வாங்கி ஃபைபர் போட்டது. நடத்த முடியவில்லை. 2013-ல் கூகுளுக்கு 1 டாலருக்குக் கைமாற்றிவிட்டது. ஆனால் கடன் கைமாறவில்லை. இணைப்பே எடுக்காத வீடுகளும் நகரச் சேவைகளுக்கான மாதக் கட்டணத்தோடு சேர்த்து அதை அடைக்க வேண்டியிருந்தது.

பிலடெல்பியா இன்னொரு உதாரணம். 2004-ல் நகரம் முழுக்க வைஃபை என்று அறிவித்தார்கள். கம்பத்தில் மாட்டிய வைஃபை சுவரைத் தாண்டி வீட்டுக்குள் ஒழுங்காக வரவில்லை, எதிர்பார்த்த அளவுக்குச் சந்தாதாரர்களும் சேரவில்லை. 2008-ல் அதைக் கட்டி நடத்திய எர்த்லிங்க் நிறுவனம் விலகிக்கொண்டது.

தண்ணீர்க் குழாயைப் போல ஒருமுறை புதைத்துவிட்டு மறந்துவிடக்கூடிய தொழில் இல்லை இது. கருவிகளைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். சிரமப்படும் குடும்பங்களுக்கு நேரடியாக மானியம் கொடுங்கள். யாரிடம் இணைப்பு வாங்குவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

அருவி
மானியத்தைப் பற்றிப் பேசினால் அது நின்றுபோவதைப் பற்றியும் பேச வேண்டும் மணிமாறன். நீங்கள் சொல்வதைத்தான் அமெரிக்க மத்திய அரசு செய்தது. இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலர் வரை கழிவு. 2.3 கோடிக் குடும்பங்கள் சேர்ந்தன. ஒதுக்கிய பணம் தீர்ந்தது, நாடாளுமன்றம் மேற்கொண்டு ஒதுக்கவில்லை, 2024 ஜூன் 1-ல் திட்டம் முடிந்துவிட்டது. அடுத்த மாதமே முழுக் கட்டணம் கட்டச் சொன்னால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

சாட்டனூகாவில் 2020-ல் பள்ளிகள் மூடியபோது, வருமானம் குறைந்த வீடுகளின் மாணவர்கள் சுமார் 28,000 பேருக்கு 10 ஆண்டுகளுக்கு இலவச இணைப்பு என்று அறிவிக்க முடிந்தது. கம்பி நகரத்தின் கையில் இருந்ததால்தான் அது அவ்வளவு சீக்கிரம் நடந்தது.

மணிமாறன்
அந்த மின்வாரியத்துக்கு மின்கட்டமைப்பை நவீனப்படுத்த 11 கோடி டாலருக்கு மேல் மத்திய அரசின் நிதி வந்தது. அதோடு ஃபைபர் அவர்களுக்கே தேவைப்பட்டது. எங்கே மின்வெட்டு என்று கண்டுபிடித்து மின்சாரத்தை வேறு வழியில் திருப்பிவிடும் தானியங்கி சுவிட்சுகள் அதில்தான் ஓடுகின்றன. இந்த இரண்டும் இல்லாத நகரம் அதே காரியத்தில் இறங்கினால், நஷ்டம் வரி கட்டுகிறவர் தலையில்தான் விடியும். அதில் ஏழைகளும் உண்டு.

கேபிள்காரர்
கம்பி இழுப்பது என் தொழில், அதனால் ஒரு வார்த்தை. ஃபைபர் வேலையில் பணம் போவது பெரும்பாலும் இழைக்கு அல்ல, தோண்டி மூடுவதற்கு. அந்த வேலையை நகரம் செய்யட்டும், இணைய சேவையை நிறுவனங்கள் விற்கட்டும். ஸ்டாக்ஹோம் நகரம் 1994-ல் ஸ்டோகாப் என்று சொந்த நிறுவனம் தொடங்கி இதைத்தான் செய்கிறது: இழையைக் கேட்கிற நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுகிறது. அவ்வளவு கூட வேண்டாம், எந்த வேலைக்காகச் சாலையைத் தோண்டினாலும் மூடுவதற்கு முன், பிறகு இழையை நுழைக்க ஒரு காலிக் குழாயைப் போட்டுவிட்டு மூடச் சொல்லுங்கள்.

கயல்விழி
நான் பொது நூலகத்தில் வேலை செய்கிறேன். இவ்வளவு நேரம் நீங்கள் பேசியது வீட்டு வாசல் வரைக்கும்தான். வாசலுக்குள் நடப்பது வேறு.

எங்கள் கணினிக்கு முன்னால் ஒரு அம்மா உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தார். இணைப்பு நல்ல வேகம். படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. சுருக்கிக் கொடுத்தேன். அடுத்து ஓடிபி. அது மகனுடைய எண்ணுக்குப் போகிறது, மகன் வேலையில் இருக்கிறார், எடுக்கவில்லை. அவர் திருப்பி அழைத்துச் சொன்னபோது நேரம் கடந்துவிட்டது, பக்கம் முதலிலிருந்து தொடங்கச் சொன்னது. அதுவரை நிரப்பியது எல்லாம் போச்சு. அந்த அம்மா யாரையும் திட்டவில்லை. "எனக்குத்தான் தெரியல கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. தப்பு அவரிடம் இல்லையே! கையைப் பிடித்து மறுபடியும் உட்கார வைத்தேன்.

இவருக்கு ஜிகாபிட்டும் உதவாது, மானியமும் உதவாது. பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும், சின்ன போன் திரையை விடப் பெரிய திரை ஒன்று வேண்டும். திட்டச் செலவில் அந்த ஆளுக்கான சம்பளம் எந்த வரியில் வருகிறது? நான் பார்த்த அறிவிப்புகளில் கம்பியும் கருவியும்தான் இருக்கின்றன.

மணிமாறன்
இதை நான் எதிர்க்க மாட்டேன் கயல்விழி அம்மா. நகரம் பணம் போட வேண்டிய இடம் இதுதான். வலையமைப்பு கட்டும் காசில் ஒரு துண்டு போதும், ஒவ்வொரு நூலகத்திலும் இப்படி ஆட்களை வைக்கலாம்.

அருவி
இரண்டில் ஒன்று என்று ஏன் பிரிக்கிறீர்கள்? நூலகத்துக்கு வந்து சேர்ந்தவர்தான் அந்த அம்மா. நடக்க முடியாதவர், கைக்குழந்தையை விட்டுவிட்டு வர முடியாதவர், நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் வேலையில் இருப்பவர், இவர்களுக்கு வீட்டில்தான் இணைப்பு வேண்டும். உதவிக்கு ஆளும் வேண்டும், கட்டக்கூடிய விலையில் இணைப்பும் வேண்டும்.

கயல்விழி
சரி அருவி, வீட்டு இணைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. மூடும் நேரத்துக்குப் பிறகும் எங்கள் வைஃபையை அணைக்காமல் விடுகிறோம், ஏனென்றால் வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் அனுப்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். எந்தத் திட்டமாக இருந்தாலும் எத்தனை வீட்டுக்கு இணைப்பு கொடுத்தோம் என்பதோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து அதே வீடுகளுக்குப் போய், இணைப்பு இன்னும் இருக்கிறதா, எந்த விண்ணப்பத்தையாவது அவர்களாகவே முடித்தார்களா என்று கேளுங்கள்.

மணிமாறன்
அந்தக் கணக்கை முதலில் வெளியிடட்டும். அதற்கு அப்புறம் வலையமைப்புக்காக நகரம் கடன் பத்திரம் விடுவது பற்றிப் பேசலாம். அதுவரை வலையமைப்பு விஷயத்தில் என் நிலை மாறாது.